மேலுதட்டு ரோமமும் மெல்லிய சருமமும்

முகத்து ரோமத்தை நீக்கிக்கொள்ள வேண்டுமென்று பார்லருக்கு வருகிற ஸ்திரீகளில் பெரும்பாலோர், எந்த முறையில் நீக்கிக்கொள்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வாக்ஸ் நன்றாக ஒத்துக்கொண்டது, சித்தி மகளுக்கு நூல் போட்டபோது கொப்புளம் வந்தது, கல்யாணமாகிப் போன அக்காள் சென்னையில் லேசர் செய்துகொண்டாள் என்பன போன்ற கேள்வி ஞானத்தின்பேரில் ஏற்பட்ட தீர்மானம் அது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறவர்களிடம் நான் உடனே நூலை எடுப்பதில்லை; முகத்தைக் கழுவித் துடைக்கச் செய்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்துச் சில கேள்விகள் கேட்கிறேன். இப்போது முகத்தில் என்ன க்ரீம் தடவுகிறீர்கள்? அதை யார் எழுதிக்கொடுத்தார்கள்? பருவுக்கு மாத்திரை ஏதாவது உண்டா? போன தடவை எடுத்தபோது சிவப்பு எவ்வளவு நேரத்தில் அடங்கிற்று? சிவந்த இடம் பிறகு கறுத்ததா? இந்த முடி சிறு வயது முதலே உள்ளதா, இந்த ஓரிரண்டு வருஷத்தில் வந்ததா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? "அப்பர் லிப் எடுக்க வந்தவகிட்ட இம்புட்டு விசாரணை எதுக்குக்கா?" என்று சலித்துக்கொள்ளாத பெண் அபூர்வம். ஆயினும், 1980-களின் இறுதியில் இந்தத் தொழிலுக்கு வந்து, மதுரையில் ஒரே தெருவில் தாய்மாரின் முகங்களையும் பிறகு அவர்களுடைய பெண்மக்களின் முகங்களையும் கையாண்டு வந்திருக்கிற எனக்கு, எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன் இந்தச் சருமம் எதனால் நோகிறது என்று கேட்டாக வேண்டும் என்ற அபிப்பிராயம் அனுபவத்தால் உறுதிப்பட்டிருக்கிறது.

தமக்கு சென்சிடிவ் ஸ்கின் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் உபாதை ஒன்றல்ல. சிலருடைய சருமம் பொருளைப் பொறுக்காது; வாசனைத் திரவியமோ பிசினோ அம்மோனியாவோ பட்டால் தடித்து அரிக்கும், ஆனால் நூலால் இழுத்த சிவப்போ அரை மணியில் அமைதியாகிவிடும். வேறு சிலருக்குப் பொருளால் தோஷமில்லை, இழுப்புத்தான் ஆகாது. ரோமம் பிடுங்கிய குழிகளில் மறுநாள் சீழ்ப்புள்ளிகள் நிற்கும். இன்னும் சிலருக்கு நேர்வது நம் தேசத்து மாநிறத்தில் மிகுதியாகக் காணும் துன்பம்: சிவப்பும் வீக்கமும் ஒரே நாளில் வற்றிவிடும், இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் கறுப்பு படரும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. இவர்களையெல்லாம்விட என் மனத்தைக் கலக்குகிறவர்கள், பிறவியில் நல்ல சருமத்தோடு இருந்து, கண்ட க்ரீமையும் தடவி அதை மெலிய வைத்துக்கொண்டவர்கள். அவர்களைப்பற்றிப் பின்னால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே பெண்ணிடம் இரண்டு உபாதைகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்றுக்குப் பொருத்தமான முறை மற்றொன்றுக்குக் கெடுதலாக முடியும் என்பதனால்தான் அடுத்த வீட்டுப் பெண்ணின் அனுபவம் நமக்குப் பிரமாணமாகாது என்கிறேன்.

நூலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் என் கைக்கு முதலில் வந்த வித்தை அதுதான். எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாள், பிறர் முகத்தின்மேல் நூலை வைக்க அனுமதிப்பதற்கு முன் வெகு காலம் என் சொந்தக் காலிலேயே என்னைப் பழகச் செய்தார். பருத்தி நூலை நீளமாக எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு பகுதியை இரண்டு கைகளிலும் வளையமாக மாட்டி, நடுவில் முறுக்கேற்றி, விரல்களை விரித்தும் சுருக்கியும் அந்த முறுக்கை ரோமத்தின்மேல் ஓடவிட வேண்டும்; முறுக்கு ரோமத்தைக் கவ்வலாமே தவிரத் தோலைக் கவ்வலாகாது. தோலைக் கவ்வினால் அந்த இடம் கீறிப் பொருக்குத் தட்டிப் பிறகு கறுக்கும். அதைத் தடுக்கிற உபாயத்தில் பாதி வந்திருப்பவரின் கையிலேயே இருக்கிறது. புருவம் எடுக்கும்போது ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இமையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலுதடு எடுக்கும்போது உள்ளிருந்து நாக்கால் முட்டுக்கொடுத்துத் தோலை விறைப்பாக வைக்க வேண்டும். தாடைக்கு முகத்தை நன்றாக அண்ணாந்து வைத்துக்கொள்ள வேண்டும். வலிக்குப் பயந்து கை தளர்ந்த கணத்தில் தோல் சுருங்கி முறுக்குக்குள் போய்விடும். ஆகையால் முதல்முறை வருகிற பெண்ணிடம், வலிக்காது என்று பொய் சொல்லாமல், கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், பிடியை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லிவிடுவதே நியாயம்.

நுனியைப் பல்லில் கடிக்கிற வழக்கத்தை நான் விட்டு வெகுநாளாயிற்று. கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். 2020-இல் கொரோனா வந்த பிறகு பல பார்லர்களில் இது சாதாரணமாயிற்று, அதற்கு முன்பே இது நியமமாக இருந்திருக்க வேண்டும். வேரோடு ரோமம் போன குழிகள் சற்று நேரம் திறந்த வாசலாக நிற்கின்றன. எச்சில் பட்ட நூலையோ, முன்னவருக்கு உபயோகித்த நூலையோ அந்த வாசல்களின் வழியே ஓட்டுவது, ஒருவர் முகத்துக் கிருமியை இன்னொருவர் முகத்தில் விதைப்பதாகும். சிறுசிறு தட்டை மருக்கள் நூல் ஓடிய பாதையிலேயே வரிசையாக முளைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோலில் காயம்பட்ட இடத்தில் புதிய புள்ளி தோன்றக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த சங்கதி. ஆகவே அவர்களுக்கும், உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளம் கிளம்பியிருப்பவர்களுக்கும், சீழ்பிடித்த பருவோடு வருகிறவர்களுக்கும் நான் நூல் போடுவதில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு நூலின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும்: எந்த இரசாயனமும் சூடும் இல்லாமல், தோலின் மேலடுக்கைப் பெயர்க்காமல் காரியத்தை முடிக்கிற முறை அது. பொருள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதற்கு இணை கிடையாது, ஆனால் முன்னால் போடுகிற பவுடரும் பின்னால் தடவுகிற பன்னீரும் வாசனை சேர்த்தவையாக இருந்தால் அந்த நன்மையும் கெட்டுவிடும். சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ் ஒரு நிமிஷம் ஒற்றினால் போதும்.

மெழுகின் விஷயம் வேறு. கை கால்களுக்குச் சர்க்கரையையும் எலுமிச்சம்பழச் சாற்றையும் பாகாகக் காய்ச்சிப் பார்லரிலேயே செய்துகொண்ட காலம் ஒன்று உண்டு. முகத்துக்கென்று வந்தது கட்டோரி வாக்ஸ் என்கிற கெட்டி மெழுகு. சிறு கிண்ணத்தில் உருக்கித் தடவி, ஆறினபின் துணியில்லாமல் விரலாலேயே உரித்தெடுப்பார்கள். அதில் பிடிப்புக்காக மரப்பிசின் சேர்ப்பது வழக்கம். அந்தப் பிசின் ஒவ்வாதவர்கள் எண்ணிக்கையில் அற்பமல்லர். மெழுகு ரோமத்தோடு தோலின் இறந்த மேலடுக்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறது, உரித்தவுடன் முகம் பளபளப்பதற்குக் காரணம் அதுவே. மேலடுக்கு திடமாக உள்ளவர்களுக்கு இது நஷ்டமில்லை. பருவுக்கும் மங்குக்கும் இரவில் ட்ரெடினோயின், அடாபலீன் போன்ற மருந்துகளைத் தடவுகிறவர்களுக்கோ அந்த அடுக்கு மெலிந்தும் பிடிப்புத் தளர்ந்தும் இருக்கிறது. மெழுகை உரித்தால் உயிர்த்தோலும் கூடவே வந்து பச்சைப் புண்ணாகிவிடும். ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிடும் காலத்திலும், நிறுத்தின பிறகு ஆறு மாதம் வரையிலும் மெழுகைத் தவிர்க்க வேண்டுமென்று தோல் மருத்துவர்கள் சொல்வது வழக்கம். இதில் சங்கடம் என்னவென்றால், அந்த க்ரீமை மருந்தென்று நினைக்காத பெண்கள் ஏராளம். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நைட் க்ரீம்தான்" என்பார்கள். நான் ட்யூபைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பொடி எழுத்தை வாசித்துப் பார்த்த பிறகுதான் மெழுகைச் சுட வைப்பது.

புதிய எந்தப் பொருளையும் காதுக்குப் பின்புறமோ தாடைக்குக் கீழோ நாலணா அகலத்துக்குத் தடவிப் பார்த்து, ஒரு நாள், கூடுமானால் இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும் என்ற நியமம் எல்லாருக்கும் தெரிந்ததே. அதை அனுஷ்டிக்கப் பொறுமையுள்ளவர்கள்தான் குறைவு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாணப் பெண்ணை நிச்சயதார்த்தத்துக்கு முந்தின மாலை அழைத்துவந்து, இதுவரை செய்திராத ஒரு முறையை அன்று செய்யச் சொல்கிற தாய்மாரிடம் நான் பிடிவாதமாக மறுத்துவிடுவேன். பழகிய நூலானால் முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவும், புதிதாக முயல்வதானால் ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவும் வருவதே உசிதம்.

இனி, மெலிந்த சருமத்துக்கு வருகிறேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகள் மதுரையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறவள். சிவந்து மினுமினுத்த கன்னங்களில் மெல்லிய இரத்த நரம்புகள் இழையிழையாகத் தெரிந்தன, அவற்றின்மேல் காதோரத்திலிருந்து தாடை வரை கறுத்த ரோமம் படர்ந்திருந்தது.

"ரெண்டு மாசத்துல பிள்ளைக்குக் கல்யாணம்த்தா. பூனைமுடியா இருந்தது கருகருன்னு ஆயிருச்சு. வாக்ஸோ எதுவோ போட்டு வழிச்சு விட்ருங்க" என்றாள் தாய்.

"என்ன பாப்பா தடவுற?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒண்ணும் தடவலக்கா. மெடிக்கல்ல குடுத்த க்ரீம் மட்டுந்தான், கலருக்காக."

"எவ்வளவு நாளா?"

"கடையில சேந்ததுலேருந்து."

"நிப்பாட்டிப் பாத்தியா?"

"நிப்பாட்டுனா மூஞ்சி எரியுதுக்கா, பரு பொங்கிருது. திரும்பப் போட்டா அடங்கிருது."

அந்தப் பதிலே போதுமானது. சிவப்பழகு தருமென்று மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கித் தடவுகிற க்ரீம்களில் பலவற்றில் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின் இரண்டோடும் வீரியமுள்ள ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. மருத்துவர் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக்கொடுக்கிற மருந்து அது. அதை வருஷக்கணக்கில் தினந்தோறும் தடவினால் தோல் மெலிகிறது, இரத்த நரம்புகள் வெளியே தெரிகின்றன, பரு கிளம்புகிறது, அந்த ஸ்டீராய்டின் விளைவாகவே ரோமமும் வளர்கிறது. நிறுத்தினால் எரிச்சல் பொங்குகிறபடியால் நிறுத்தவும் முடிவதில்லை. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று அட்டவணையில் சேர்த்த பின்னும், இன்றுவரை என் நாற்காலியில் வந்து அமரும் இந்த முகங்கள் குறைந்தபாடில்லை. அந்தப் பெண் ரோமத்தை ஒழிக்க வேண்டுமென்று வந்தாள். ரோமத்தை வளர்த்துக்கொண்டிருந்தது அவள் கைப்பையிலிருந்த ட்யூப்.

அவளுக்கு நூல், மெழுகு, ப்ளீச், ரோமம் நீக்கும் க்ரீம் எதுவும் கூடாதென்று சொன்னபோது தாயின் கண்கள் கலங்கிவிட்டன. எல்லாக் கதவுகளும் அடைபட்டதாக அவள் எண்ணினாள். க்ரீமைத் தானாகத் திடீரென நிறுத்திவிடாமல் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி, மருத்துவர் சொல்கிற படிக்குக் குறைத்து நிறுத்த வேண்டுமென்று விவரமாகச் சொன்னேன். அதுவரையில் நுனி வளைந்த சிறிய கத்தரிக்கோலால், தோலில் முனை படாமல், நீண்ட ரோமங்களை மட்டும் கத்தரித்து விடுவதாக ஒப்புக்கொண்டேன். கல்யாணத்தன்றும் அப்படியே செய்தோம். முகத்து எரிச்சல் தணியவே பல மாதங்கள் பிடித்தன. ரோமம் மெல்லியதாக அதற்கு மேலும் ஆயிற்று. நிறத்துக்காக ஒரு பெண் தன் சருமத்தையே விலையாகக் கொடுக்க நேர்கிற நிலைமை எனக்குத் தீராத துக்கம். அந்த ட்யூபை அவளுக்குச் சிபாரிசு செய்தது, கடையில் உடன் வேலை பார்த்த, அதே துன்பத்தில் இருந்த இன்னொரு பெண் என்று பிறகு தெரிந்தபோது அது இரட்டிப்பாயிற்று.

சருமம் மென்மையாக உள்ளவர்களுக்கு, அதிலும் இழுப்பு ஆகாதவர்களுக்கும் கறுத்துப்போகிறவர்களுக்கும், நான் முதலாவதாகச் சொல்கிற முறை பெரும்பாலோரை முகம் சுளிக்கச் செய்வது: சவரம். ரோமம் வேரோடு வராததனால் குழிகள் திறப்பதில்லை, சூடில்லை, இரசாயனமில்லை, சிவப்பு அநேகமாக இல்லை. "ஐயையோ, பிளேடு வச்சா ஆம்பளை மாதிரி மீசை வந்துராதா?" என்ற பயம் தாயிடமிருந்து மகளுக்குச் சொத்தைப்போல இறங்கி வந்திருக்கிறது. இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் விஞ்ஞானி சவரத்தால் ரோமத்தின் கனமோ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை என்று 1928-லேயே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். பின்வந்த ஆராய்ச்சிகளும் அதை மறுக்கவில்லை. தோலுக்கு மேலே தெரிகிற ரோமம் உயிரற்றது. அதை வெட்டிய செய்தி தோலுக்குள் இருக்கிற வேருக்குப் போய்ச் சேர வழியே இல்லை. வெட்டுப்படாத ரோமம் நுனி கூர்ந்து மெலிந்திருக்கிறது, வெட்டுப்பட்டது மழுங்கிய முனையோடு வெளிவருகிறது. கைக்குச் சொரசொரவென்று படுவது அந்த முனைதான். ஒரு பெண்ணுக்குப் பதினாறு பதினேழு வயதில் மேலுதட்டில் ரோமம் கறுக்கிறது என்றால், அவள் சவரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த வயதில் அது கறுக்கத்தான் போகிறது. பழி மட்டும் பிளேடின்மேல் விழுகிறது.

செய்யும் விதத்தில்தான் சிரத்தை வேண்டும். முகத்துக்கென்றே விற்கிற, ஒற்றை அலகுள்ள சிறு ரேஸர் நல்லது. அதை வீட்டில் வேறொருவரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது. முகத்தை இளஞ்சூடான நீரில் கழுவி, வாசனை சேராத ஜெல்லையோ லோஷனையோ தடவி, ரோமம் சாய்ந்திருக்கிற திசையிலேயே, அழுத்தாமல், சிறுசிறு வீச்சாக இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் மழிப்பதால் ரோமம் தோலுக்கு அடியில் வெட்டுப்பட்டு, உள்முகமாக வளைந்து வளர்ந்து, கட்டியாக வீங்கக்கூடும். சுருண்ட ரோமம் உள்ளவர்களுக்கு இது விசேஷமாக நேரும். பரு உள்ள இடத்தைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். அலகு மழுங்கியதும் தூக்கி எறிந்துவிட வேண்டும். இவ்வளவையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதனால், இதை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் அவள் மறுபடி மேலுதட்டுக்காக என்னிடம் வரவேண்டிய தேவையில்லை. தொழிலுக்கு அது நஷ்டம் என்று என்னிடம் வேலை கற்ற பெண்கள் சொல்வதுண்டு; கறுத்த மேலுதட்டோடு ஒரு பெண் திரும்பிவந்து நிற்பதைவிட அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்.

ரோமம் நீக்கும் க்ரீம்களைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. தையோகிளைகோலேட் என்ற உப்பு, மிகுந்த காரத்தன்மையில், ரோமத்தின் கெரட்டின் புரதத்தைக் கட்டி வைத்திருக்கிற பிணைப்புகளை அறுத்துக் கூழாக்குகிறது. தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனதுதான். க்ரீமுக்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது, நேரம் ஒன்றே நம்மைக் காப்பது. கைக்கென்று விற்கிற க்ரீமை முகத்தில் போடுவதும், போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதும் தீப்புண்ணில்தான் முடியும். ப்ளீச் ரோமத்தை நீக்குவதேயில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து அதன் நிறத்தைக் கரைக்கின்றன. மாநிறக் கன்னத்தில் பொன்னிற ரோமம் வெயிலில் மின்னுவது கறுத்த பூனைமுடியைவிட எந்த விதத்திலும் அழகென்று எனக்குத் தோன்றியதில்லை.

மஞ்சளைப்பற்றி என்னைக் கேட்காத பாட்டிமார் இல்லை. கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் அரைத்து இரவில் பூசுவதும், பயற்றமாவை நலங்காகத் தேய்த்துக் குளிப்பதும் நம் சம்பிரதாயத்தில் வேரூன்றியவை. அவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு. சிறு வயதிலிருந்து மஞ்சள் பூசிய முகங்களிலும் ரோமத்தை நான் பார்த்திருக்கிறேன், பூசாத முகங்களிலும் பார்த்திருக்கிறேன். தினந்தோறும் மாவை எதிர்த் திசையில் அழுந்தத் தேய்ப்பதனால் சில பூனைமுடிகள் தேய்ந்து உதிர்வது உண்மை, அந்த உராய்வே மென்மையான கன்னங்களைக் கறுக்க வைப்பதும் உண்மை. மென்மையாகப் பூசிக் கழுவுகிறவர்களை நான் தடுப்பதில்லை. நூல் போட்ட அன்றும் மறுநாளும் மட்டும் மஞ்சளோ மாவோ முகத்தில் படக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறேன்.

புதிய யந்திரம் எது வந்தாலும் சற்று ஒதுங்கி நின்று பார்ப்பது என் சுபாவம். அதற்குக் காரணம் நான் படித்த ஒரு பழைய வரலாறு. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு வருஷமே, 1896-இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் ஒரு சிறுமியின் ரோமம் அடர்ந்த பெரிய மச்சத்தின்மேல் அந்தக் கதிரைச் செலுத்தி ரோமத்தை உதிரச் செய்தார். 1920-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் கெய்ஸர் என்ற மருத்துவர் ட்ரைக்கோ என்ற பெயரில் ஒரு எக்ஸ் கதிர் யந்திரத்தை அமைத்து, அழகு நிலையங்களுக்கே கொடுத்தார். வலியில்லை, எரிச்சலில்லை, ரோமம் உதிர்ந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். சில வருஷங்களில் அந்த முகங்களில் தோல் சுருங்கிப் புண்ணாகி, பலருக்குப் புற்றுநோயில் முடிந்தது. 1930-களின் தொடக்கத்தில் அதே நாட்டில் கோரெம்லு என்ற க்ரீமில் தாலியம் என்ற விஷ உலோகத்தின் உப்பைக் கலந்து விற்றார்கள். பூசிக்கொண்ட பெண்களில் பலர் தலைமுடி கொட்டி, நரம்பு தளர்ந்து நடக்க முடியாமல் துன்புற்றார்கள். மேலுதட்டு ரோமத்துக்காகப் பெண்கள் இவ்வளவையும் தாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த யந்திரத்தின் விசையைத் தட்டியவர்களும் என்னைப்போல ஒரு பார்லரில் வேலை பார்த்த பெண்களாகவே இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

லேசரை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு விஞ்ஞானிகள், சரியான அலைநீளமும் சரியான கால அளவும் உள்ள ஒளியால் நிறமுள்ள இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்ற தத்துவத்தை நிறுவினார்கள். அதன் பயனே இன்றைய லேசர் சிகிச்சை. ஒளி ரோமத்தின் கறுப்பைத் தேடிப் போகிறது. நம் தோலிலும் அதே கறுப்பு இருப்பதனால்தான் நமக்குச் சங்கடம்: குறைந்த அலைநீளமுள்ள ஒளியை வேருக்குப் போகுமுன் தோலே உறிஞ்சிக்கொண்டு வெந்துபோகலாம். கருமை மிகுந்த சருமத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் லேசரைத் தோல் மருத்துவர்கள் விரும்புவது இதனால்தான். வளரும் பருவத்தில் உள்ள ரோமமே ஒளிக்கு வசப்படும் என்றபடியால், சில வார இடைவெளியில் பல தடவை போக வேண்டியிருக்கும். இன்னொன்றையும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் மறைப்பதில்லை: தாடையிலும் கழுத்திலும் மெல்லிய பூனைமுடி மட்டுமே உள்ள பெண்களுக்கு, அதிலும் நம் தெற்காசியப் பெண்களுக்கு, லேசருக்குப் பிறகு ரோமம் குறைவதற்குப் பதிலாகத் தடித்து வளர்வது உண்டு. கறுத்த, கெட்டியான ரோமத்துக்கே லேசர். அதுவும் தோல் மருத்துவர் பார்வையில், வெயிலில் அலைந்து கறுத்திராத காலத்தில். எஃப்ளோர்னிதைன் 13.9 சதவீதக் களிம்பும் மருத்துவர் எழுதிக்கொடுப்பதுதான். அது ரோமத்தை நீக்காமல் வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது, நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்புகிறது.

மாதவிலக்கைப்பற்றி நான் ஏன் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். தாடையிலும் தாடைக்குக் கீழும் கெட்டியான ரோமம், அடங்காத பரு, பின்கழுத்தில் மென்பட்டுப்போன்ற கறுப்பு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற விலக்கு ஆகிய இவை ஒரு பெண்ணிடம் சேர்ந்து காணப்பட்டால், சினைப்பை நீர்க்கட்டி, அதாவது எல்லாரும் பி.சி.ஓ.டி. என்கிற கோளாறு இருக்கலாமென்ற சந்தேகம் நியாயமானது. அதை நிர்ணயிக்க வேண்டியவர் மருத்துவர். ரோமம் வந்த பெண்ணுக்குத் தன் உடம்பின்மேல் ஏற்படுகிற அருவருப்பைப் பார்க்கிற சந்தர்ப்பம் மருத்துவருக்கு முன்னால் எங்களுக்கே கிடைக்கிறது. ஆனபடியால் நூலைக் கீழே வைத்துவிட்டு, "இது அழகு விஷயம் மட்டுமில்ல கண்ணு, அம்மாகிட்டச் சொல்லி ஒரு லேடி டாக்டரைப் பாரு" என்று சொல்வதை என் தொழிலின் ஓர் அங்கமாகவே கருதுகிறேன். அதை அக்காள் தங்கையிடம் பேசுகிற குரலில் சொல்ல வேண்டும், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காதபடி சொல்ல வேண்டும்.

வயதான ஸ்திரீகளைப்பற்றி இந்தத் தொழிலில் யாரும் பேசுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பலருக்குத் தாடையில் ஒன்றிரண்டு ரோமங்கள் முள்போல் கெட்டியாக முளைக்கின்றன. அவை நரைத்திருந்தால் லேசருக்குப் பிடிபடாது, ஒளி தேடுகிற கறுப்பு அவற்றில் இல்லை. 1875-இல் செயின்ட் லூயி நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து வளர்ந்த இமை முடிகளை ஒழிப்பதற்காக வேருக்குள் ஊசி செலுத்தி மின்சாரம் பாய்ச்சிய எலெக்ட்ராலிஸிஸ் முறைதான் இன்றளவும் ரோமத்தின் நிறத்தைப் பாராமல் வேரை அழிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ரோமத்துக்கும் தனித்தனியே ஊசி வேண்டும், மாநிறச் சருமத்தில் தழும்போ கறுப்போ நிற்கக்கூடும். ஒன்றிரண்டு ரோமத்துக்கு அவ்வளவு பிரயாசை தேவையில்லை, சிறு இடுக்கியே போதும். சிம்மக்கல் பக்கத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இதற்காகவே ஆட்டோ பிடித்து என்னிடம் வந்துகொண்டிருந்தார்; கண்புரையால் அவருக்குக் கண்ணாடியில் தெரியவில்லை, மருமகளைக் கேட்கவோ கூச்சம். இடுக்கியால் இழுத்தால் அந்த மெல்லிய தோலில் இரத்தம் கட்டிக்கொண்டு நீலம் பூத்துவிடுகிறபடியால், கத்தரித்துவிடுவதே அவருக்குச் சரியான முறை. ஒரு நாள் மருமகளையும் உடன் அழைத்துவரச் சொல்லி, வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், கத்தரிக்கோலை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தேன். இப்போது அவளே வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக் கத்தரித்து விடுகிறாள். அந்த வயதில் கறுத்த ரோமம் திடீரென்று பல இடங்களில் அடர்ந்து முளைக்கத் தொடங்கினாலோ, குரல் கட்டைக் குரலாக மாறினாலோ மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று அவர் பரிசோதிக்க வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.